கம்ப்யூட்டருக்கு ஒரு கேட்டு

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும். இந்தச் சேர்ல உக்காருங்க, ஃபேன் போடறேன். கடையில இருந்து ஆள் அனுப்பறோம்னாங்க, ஒரு பொம்பளப்புள்ள வரும்னு நான் நெனைக்கலை. தப்பா எடுத்துக்காதீங்க, சந்தோசம்தான். அய்யோ, பொறுங்க, பொறுங்க. கம்ப்யூட்டரைக் கழட்டறதுக்கு முன்னால ஒரு கேள்வி இருக்குது. அதுக்குப் பதில் சொல்லிட்டுக் கழட்டுங்க.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் இருந்தாப் போதுமுங்களா, இல்லை ஃபயர்வால்னு தனியா ஒண்ணு வேணுமுங்களா?

இல்லையில்லை, இப்பவே சொல்லாதீங்க. நான் முழுசாச் சொல்லிடறேன், கேட்டுட்டு நிதானமாச் சொல்லுங்க. சாயங்காலம் எம் மக போன் பண்ணுவா. கம்ப்யூட்டர்காரங்க வந்தாங்களா, என்ன சொன்னாங்கன்னு கேப்பா. நீங்க சொல்றதைத்தான் நான் அவகிட்டச் சொல்லணும். அதனால நீங்க சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு முக்கியம்.

உங்க பேரு என்னங்க? சுகந்தியா? இனிஷியல்? சிரிக்காதீங்க அம்மிணி, எனக்கு அது பழக்கம். ஆர். ஆருன்னா அப்பா பேரா, வீட்டுக்காரர் பேரா? அப்பா ரங்கசாமி. கண்ணாலம் ஆயிருச்சுங்களா? ஆகியும் அப்பா இனிஷியலையே வெச்சிருக்கீங்க. நல்லது. ரொம்ப நல்லதுங்க. உங்கப்பா குடுத்து வெச்சவரு.

நான் மில்லுல டைம் ஆபீஸ்ல ஆஜர் போட்டுக்கிட்டு இருந்தவனுங்க. நாச்சிமுத்துன்னு கேட்டா இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது, டைம் ஆபீஸ்காரர்னா தெரியும். மில்லுல ரெண்டு வேலுச்சாமி இருப்பான், மூணு பழனாத்தா இருக்கும். பேரை வெச்சு என்ன பண்றது? இனிஷியல்தான் ஆளு. ஏ. வேலுச்சாமி லீவு போட்டிருப்பான், கை தவறி பி. வேலுச்சாமிக்கு ஆப்சென்ட் போட்டுட்டா அந்தப் பாவி என் டேபிள் முன்னால வந்து நின்னு அழுவான். அதனால எனக்கு எந்தப் பேரைப் பார்த்தாலும் கண்ணு மொதல்ல முன்னால இருக்கற எழுத்துக்குத்தான் போகும். அது என் குத்தம் இல்லீங்க, பார்த்த வேலை அப்படி.

உங்களுக்கு எந்த ஊரு? சாமளாபுரமா? அட, அப்ப உங்க வீட்டுலயும் தறி ஓடியிருக்குமே. அம்மா தறி ஓட்டுனாங்களா? அப்படிப் போடுங்க. அப்ப நான் சொல்றது உங்களுக்குச் சட்டுனு புரிஞ்சுரும்.

இந்த வீட்டுலயும் பின்னால தறிதானுங்க. நான் மில்லுக்குப் போயிருவேன், எங்கூட்டுக்காரி தெய்வாத்தா தறி ஓட்டுவா. பொண்ணா வந்த நாள்ல இருந்து அந்தச் சத்தத்துலயே நின்னவ. காது கொஞ்சங்கொஞ்சமாப் போயி, ஒரு கட்டத்துல சுத்தமாக் கேக்கலை. காதுக்கு மெஷின் வாங்கிக் குடுத்தேன். இதைப் போட்டா தறிச் சத்தம் மட்டும்தான் பெருசாக் கேக்குதுங்கன்னு கழட்டி அரிசிப் பானைக்குள்ள வெச்சுட்டா. தறியெல்லாம் எடைக்குப் போட்டப்பறமும் அவளுக்கு அது ஓடிக்கிட்டேதான் இருந்துச்சாம்.

ஆனா பேச்சு? பேச்சுக்கு ஒரு குறையும் இல்லீங்க. உங்களுக்குத்தான் தெரியுமே, தறி ஓட்டற பொம்பளைக எப்படிப் பேசுவாங்கன்னு. சத்தமே வராது, வாயி மட்டும் அசையும். அந்தப் பக்கத் தறியில நிக்கறவ அதைப் பார்த்துச் சிரிப்பா, இவ திரும்ப வாயசைப்பா. குடும்பக் கதை பூராவும் அப்படியே ஓடும். எம் மக கோகிலா தொட்டில்ல இருந்தே அதைப் பார்த்து வளர்ந்தவ. பேச வர்றதுக்கு முன்னாலயே வாயசைக்கக் கத்துக்கிட்டா. பெத்த ஆயாளும் மகளும் பேசுனா வீடே அமைதியா இருக்கும், ஆனா ஓயாம பேசிக்கிட்டு இருப்பாங்க.

எனக்கா? எனக்கு அது வராதுங்க. கத்துக்கவும் இல்லை. எனக்கெதுக்கு? என்கிட்டப் பேசறதுன்னா தெய்வாத்தா சத்தமாப் பேசுவா, கொஞ்சம் அதிகச் சத்தமாவே பேசுவா. நான் ஆமா இல்லைன்னு தலையாட்டுனாப் போதும். சம்சாரத்துக்கு அதுக்கு மேல என்ன வேணும்?

இதைக் கேளுங்க. கோகிலா கோயமுத்தூர்ல படிச்சா, பெங்களூர்ல வேலைக்குப் போனா. லீவுக்கு வருவா. நான் இங்க உக்காந்து சோறு திங்கறேன். எனக்கு எதுக்க ஆயாளும் மகளும் நின்னுக்கிட்டு இருக்காங்க. மக வாயசைக்கறா. ஆயா ரசத்தை ஊத்திக்கிட்டே வாயசைக்கறா. எனக்கு ஊத்தற ரசமுங்க அது! அப்ப என்ன பேசுனாங்க தெரியுங்களா? அந்தப் பையனைப் பத்தி. மதியழகன். கூட வேலை பாக்கறவன். நம்ம ஆளுக இல்லை. அதை விடுங்க, இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது. நான் சொல்ல வந்தது என்னன்னா, என் வீட்டுக்குள்ள இருந்து, என் கண்ணு முன்னால, எனக்குத் தெரியாம சேதி போயிட்டும் வந்துட்டும் இருந்திருக்குது. கண்ணாலம் முடிஞ்ச பொறவுதான் எனக்குத் தெரியும். ஆயாகிட்டச் சொல்லியிருக்கா. என்கிட்டக் கேக்கலை. கேக்கவே இல்லீங்க.

கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு கேக்கறீங்களா? அது வேற விசயம். கேக்கணுமில்ல?

நான் ஒண்ணும் சண்டை போடலை. அடிச்சுத் துரத்துன அப்பன்மார் உண்டு, நான் அப்படி இல்லை. வராதேன்னு ஒருநாளும் சொன்னதில்லை. வான்னு சொல்லலை, அவ்வளவுதான். அவளும் வரலை. புருசனும் பொண்டாட்டியும் சிங்கப்பூர் போயிட்டாங்க.

இந்தக் கம்ப்யூட்டர் அவ அனுப்பினதுதானுங்க. திருப்பூர்ல ஒரு கடையில சொல்லி, ஆள் வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போனாங்க. போன்ல பேசுனா ஆயாளுக்குக் கேக்காது, மொகத்தைப் பார்த்தாத்தான் பேச்சு. அதுக்காக அந்தப் பையன் அவனே ஒரு புரோகிராம் எழுதியிருக்கான். கெட்டிக்காரன், அதைச் சொல்லித்தான் ஆகணும். தெய்வாத்தாளுக்கு எழுத்தும் தெரியாது, எலியைப் பிடிக்கவும் தெரியாது. கம்ப்யூட்டரைப் போட்டு உக்காந்தாப் போதும், அங்க இருந்து மக கூப்பிட்டா இங்க ஜன்னல் தானாத் தொறக்கும், மொகம் வரும். இவ எதையும் அமுத்த வேண்டியதில்லை.

ஞாயித்துக்கெழமை காலையில தெய்வாத்தா தலைக்குத் தண்ணி வார்த்து, ஈரத்தலையோட வந்து உக்காந்துருவா. பூ வெச்சுக்குவா. கம்ப்யூட்டர் முன்னால பூ எதுக்குன்னு நான் கேட்டதுண்டு. அவ பார்ப்பாளே அப்படின்னா. மொகம் வந்ததும் ரெண்டு பேரும் ஆரம்பிச்சுருவாங்க. சத்தம் கெடையாது. நான் அந்தக் கட்டில்ல பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். இவ சிரிப்பா. அவ சிரிப்பா. ஒரு நாள் இவ அழுதா. என்னடின்னு தோளைத் தொட்டுக் கேட்டேன். சும்மாங்கன்னு சொல்லிட்டா. சும்மாவா அழுவாங்க? என்னைப் பத்திப் பேசுனாங்களோ என்னமோ.

எப்பவாவது கோகிலா சத்தமா, "ஏனுங்கப்பா, நல்லா இருக்கீங்களா?"ன்னு கேப்பா. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு எந்திரிச்சுப் போயிருவேன். மாடா? மாடு வித்து வெகு நாளாச்சுங்க.

சரி, ஃபயர்வாலுக்கு வர்றேன். டீ குடியுங்க, ஆறிப்போகுது.

கம்ப்யூட்டர் மெதுவா ஓடுதேன்னு பல்லடத்துல ஒரு கடைக்குப் போனேன். உங்க கடை இல்லீங்க, அது வேற, இப்ப மூடிட்டாங்க. ஆன்டிவைரஸ் இருக்குதான்னு கேட்டான். இருக்குன்னேன். அது மட்டும் போதாதுங்க பெரியவரே, ஃபயர்வால் தனியாப் போடணும்னான். ஆன்டிவைரஸ் உள்ள வந்த நோயைத்தான் பிடிக்கும், ஃபயர்வால் யாரு உள்ள வர்றா யாரு வெளிய போறான்னு வாசல்ல நின்னு பார்க்கும், உங்களுக்குத் தெரியாம உங்க வீட்டுச் சமாச்சாரம் வெளிய போயிட்டே இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டான்.

எனக்கு அப்படியே நெஞ்சுல பட்டுச்சுங்க. மில்லு மாதிரித்தானே! மில்லுல டிஸ்பென்சரியும் உண்டு, கேட்டும் உண்டு. காய்ச்சல்னா டிஸ்பென்சரி. ஆனா டிஸ்பென்சரி இருக்குதுன்னு கேட்டைத் தொறந்து போட முடியுங்களா? டோக்கன் இல்லாதவன் உள்ள வரக்கூடாது. வெளிய போறவன் பையைத் தொறந்து காட்டிட்டுத்தான் போகணும். இத்தனை நாள் என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கேட்டே இல்லாம இருந்திருக்குதேன்னு எனக்குத் திக்குனு ஆயிருச்சு. உடனே போடுன்னுட்டேன்.

உங்களுக்குச் சிரிப்பா இருக்கும், ஆனா சொல்றேன். அதைப் போட்ட பொறவு எனக்கு ஒரு உற்சாகம். எதுக்கு எடுத்தாலும் மூலையில ஒரு பொட்டி வந்து என்னைக் கேக்கும். இன்னது வெளிய போகணுமாம், விடலாமா? இன்னது உள்ள வரணுமாம், விடலாமா? அலவ்னு ஒண்ணு, பிளாக்னு ஒண்ணு. ரிட்டையர் ஆன நாள்ல இருந்து என்னை ஒருத்தரும் எதையும் கேட்டதில்லை அம்மிணி. பெத்த மக கேக்கலை. கட்டுன பொண்டாட்டி கேக்கலை. அது கேட்டுச்சு. நான் சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டு நின்னுச்சு.

தெரியாதது எதுவா இருந்தாலும் பிளாக்தான். கம்ப்யூட்டர்ல இருக்கற கடிகாரம் எங்கேயோ போய் நேரம் கேட்டுட்டு வர்றேன்னுச்சு. எனக்குத் தெரியாத நேரமா, நான் டைம் ஆபீஸ்காரன், பிளாக். பாருங்க, இப்பவும் அந்தக் கடிகாரம் தப்பாத்தான் ஓடுது. என்னங்க? அப்டேட்டா? ஆன்டிவைரஸ் அப்டேட்டே ஆகலையா? ஃபயர்வால்தான் தடுத்திருக்குதா? அடக் கடவுளே. அப்ப டிஸ்பென்சரிக்கு மருந்து கொண்டு வர்ற வண்டியையே நான் கேட்டுல நிறுத்திட்டேனா? அப்டேட்டு தன் பேரைப் போட்டுத்தான் கேட்டிருக்கும், எனக்குத்தான் விளங்கியிருக்காது. சரி, அதை நீங்க சரி பண்ணிக்கங்க.

அப்புறம் ஒரு நாள் அந்தப் பொட்டி வந்துச்சு. அதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் சுத்திக்கிட்டு வர்றேன்.

ஞாயித்துக்கெழமை இல்லைங்க, வாரநாளு. கம்ப்யூட்டரைச் சும்மா போட்டேன். அந்தப் பையன் எழுதின புரோகிராம் தானா எந்திரிச்சு வெளிய போகப் பார்த்திருக்குது. ஃபயர்வால் பிடிச்சு நிறுத்தி என்னைக் கேக்குது. இங்கிலீஷ்ல போட்டிருக்கு. பேரு: எம் கோகிலா. தயாரிச்சவரு: அன்நோன். தெரியாதவரு. விடலாமா?

எம். கோகிலா.

எம்னா யாருங்க? எம் மக என். கோகிலா, என்னுன்னா நாச்சிமுத்து. பள்ளிக்கூடத்துல என் கையால எழுதிக் குடுத்த பேரு. என்னுக்கும் எம்முக்கும் ஒரு கோடுதான் வித்தியாசம்னு நீங்க சொல்லலாம். டைம் ஆபீஸ்ல ஒரு கோடு மாறுனா ஆளே மாறிப்போகும். எங்க வீட்டுல எம் இனிஷியல்ல யாரும் கெடையாது. தயாரிச்சவரு யாருன்னே தெரியாதுன்னு அந்த மெஷினே சொல்லுது. ஆன்டிவைரஸ்ல நோய் ஒண்ணும் காட்டலைதான். நோய் இல்லாதவன்லாம் உள்ள வந்துறலாமா? நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? சொல்லுங்க. பிளாக்தானே?

கீழ ஒரு சின்னக் கட்டம் இருந்துச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கவா, திரும்ப உங்களைக் கேக்காம இருக்கவான்னு. எதுக்குத் தொல்லைன்னு அதுலயும் ஒரு டிக் போட்டேன்.

தெய்வாத்தா காப்பி டம்ளரோட பின்னால நின்னுக்கிட்டு இருந்திருக்கா. என்னுங்க அதுன்னா. கேட்டு போட்டிருக்கறேன், கேட்டுன்னு அவ மொகத்தைப் பார்த்து நிறுத்திச் சொன்னேன். கேட்டான்னு கேட்டா. ஆமா, கம்ப்யூட்டருக்குன்னேன். டம்ளரை வெச்சுட்டுப் போயிட்டா.

அந்த ஞாயித்துக்கெழமை மொகம் வரலை.

தலைக்குத் தண்ணி வார்த்து, பூ வெச்சு, உக்காந்திருந்தா. வரலை. என்னுங்க வரலைன்னா. வேலை இருக்கும்னு கையைக் காட்டினேன். நெசமாலுமே வேலைதான் இருக்கும்னு நெனைச்சேன். அந்தப் பொட்டியை அதுக்குள்ள நான் மறந்தே போயிட்டேன். நம்புங்க. மறுவாரமும் உக்காந்தா. அதுக்கு அடுத்த வாரமும். மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்துட்டு, பூவை எடுத்து சாமி படத்துக்கு வெச்சுட்டு, சோறாக்கப் போவா.

ஒரு தடவை கேட்டா, "ஏனுங்க, நீங்க போட்ட கேட்டுத்தான் தடுக்குதோ?"ன்னு. கம்ப்யூட்டரைப் பத்தி உனக்கென்ன தெரியும்னு கோவத்துல கத்திட்டேன். அவளுக்குக் கேட்டிருக்காது. மொகத்தைப் பார்த்திருப்பா. அதுக்கப்புறம் கேக்கலை.

கோகிலா போன் பண்ணுனா, நான்தான் எடுத்தேன். "ஏனுங்கப்பா, அம்மா ஏன் வர்றதே இல்லை?"ன்னா. அவ நல்லாத்தான் இருக்கான்னேன். "எம்மேல கோவமா?"ன்னு கேட்டா. உங்களுக்குள்ள பேசிக்கறது எனக்கெங்க புரியுதுன்னு சொன்னேன். நெசந்தானே அது? போனை வெச்சுட்டா. ஆயாளுக்கு எம்மேல கோவம்னு கோகிலா அங்க நெனைச்சுக்கிட்டு இருந்திருக்கா. மகளுக்கு என்னைப் பிடிக்கலைன்னு தெய்வாத்தா இங்க நெனைச்சுக்கிட்டு இருந்திருக்கா. நடுவுல நான் ஒருத்தன், எனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு யாரு என்ன சொன்னாங்க? ரெண்டு பேரும் என்னைக் கணக்குலயே எடுத்துக்காதவங்கதானே?

ஆனா ஒண்ணு பார்த்தேன் அம்மிணி. அதை இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லலை. ஒரு நாள் தோட்டத்துல இருந்து வர்றேன். கம்ப்யூட்டர் போடலை, கரண்டும் இல்லை. அந்தக் கண்ணாடி கறுப்பா இருக்குது. தெய்வாத்தா அது முன்னால உக்காந்துக்கிட்டு வாயசைச்சுக்கிட்டு இருக்கா. அவ மொகமே அதுல மங்கலாத் தெரியுது. அதைப் பார்த்துப் பேசறா. நிறுத்தறா, பதில் சொல்றாப்புல தலையாட்டறா, மறுபடி பேசறா. நான் வாசப்படியிலயே நின்னுட்டேன். என்ன பேசுனாளோ. அவ தோளைத் தொட்டு என்கிட்டப் பேசுடின்னு சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் அந்தப் பேச்சு தெரியாதே. திரும்ப வெளிய போய், இல்லாத மாட்டுக்கு வைக்கோல் போடற மாதிரி கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

மாசி மாசத்துல அவளுக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. ஆசுபத்திரியில வெச்சிருந்து, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. கட்டிலை இங்க போடச் சொல்லி கையைக் காட்டினா. இந்த எடத்துலதான், கம்ப்யூட்டருக்குப் பக்கத்துல. காத்து வரட்டும்னு நெனைச்சு போட்டேன். கோகிலாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வர்றதுக்குள்ள போயிட்டா.

அழுவ வேண்டாம்னு பார்க்கறேனுங்க, முடியலை. ஒரு நிமிசம். அந்தத் துண்டை எடுங்க.

கோகிலா வந்தா. அந்தப் பையனும் வந்தான், வெளியவே நின்னான். உள்ள வான்னு நான் கூப்பிடலை. காரியமெல்லாம் முடிஞ்சு கெளம்பறப்ப கோகிலா இந்தக் கம்ப்யூட்டர் முன்னால வந்து நின்னா. "அப்பா, நான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கூப்பிட்டேன். அங்க இருந்து எல்லாம் சரியாத்தான் இருக்குது. இங்கதான் என்னமோ தடுத்திருக்குது. தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வந்து என்னன்னு பாருங்க"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. சத்தமே போடலை. அவ போட்டுருக்கலாம். எனக்குப் பதில் வேணுமுங்கப்பா, அப்படின்னுட்டுப் போனா. அதுக்குத்தான் உங்களை வரச்சொன்னது.

இப்பச் சொல்லுங்க. தனி ஃபயர்வால் வேணுமா, வேண்டாமா?

ம்.

கம்ப்யூட்டர்லயே ஒண்ணு ஏற்கெனவே இருக்குதுங்களா? மாட்டும்போதே அதுலயே வருமா? வீட்டுக்கு அதுவும் ஒரு ஆன்டிவைரஸும் போதுமா? அப்ப கோகிலாவோட புரோகிராமுக்கு அந்தக் கேட்டுல ஏற்கெனவே டோக்கன் குடுத்துத்தான் வெச்சிருந்தாங்களா? அப்ப நான் போட்டது ஒரு கேட்டுக்கு முன்னால இன்னொரு கேட்டா?

இல்லைங்க அம்மிணி, அப்படிச் சொல்லாதீங்க. ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா நல்லதுதானே? மில்லுலகூட பின்பக்கம் ஒரு கேட்டு உண்டு. ஆபீஸுகள்ல போடறாங்க இல்ல? வீட்டுக்கும் போட்டா என்ன தப்பு? தேவைதான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்களேன். மெஷின்ல கோளாறு, யாரா இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்னு. சாயங்காலம் அவ கூப்பிடறப்ப நீங்களே பேசிருங்க. நான் பேசுனா அவ என் குரல்லயே கண்டுபிடிச்சுருவா. அவளுக்கு உதடு படிக்கத் தெரியும், குரலும் படிக்கத் தெரியும்.

சரி, விடுங்க. உங்களைப் பொய் சொல்லச் சொல்லலை.

அந்த ஃபயர்வாலை எடுத்துருங்க. அந்த எம் கோகிலாவை விட்டுருங்க. ஞாபகம் வெச்சிருக்கற அந்த டிக்கையும் எடுத்துருங்க. இத்தனை நாள் நான் மறந்துட்டேன், அது மறக்கலை பாருங்க.

போறதுக்கு முன்னால இன்னொரு உதவி. இது கம்ப்யூட்டர் சமாச்சாரம் இல்லை. உங்க அம்மா தறி ஓட்டுனவங்கன்னு சொன்னீங்க, உங்களுக்கு வாயசைவு படிக்க வரும்தானே? வரும். கேட்டதுமே எனக்கு மனசுல பட்டுச்சு.

தெய்வாத்தா போற அன்னைக்கு மத்தியானம், குரலே வரலை. என்னைப் பார்த்து வாயசைச்சா. என்கிட்ட அவ அப்படிப் பேசுனதே கெடையாது, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரியும். இருந்தும் என்னைப் பார்த்துத்தான் அசைச்சா. தண்ணியான்னு கேட்டு ஸ்பூன்ல குடுத்தேன். இல்லைன்னு தலையாட்டிட்டு மறுபடி அதையே அசைச்சா. கையை இந்தப் பக்கமா, கம்ப்யூட்டர் இருக்கற பக்கமாத் தூக்கப் பார்த்தா. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி. எனக்கு விளங்கலை. என்னடி சொல்றே, என்னடி சொல்றேன்னு நானும் கேட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம் அசையலை.

நான் அதை மறக்கக் கூடாதுன்னு கண்ணாடி முன்னால நின்னு அதே மாதிரி அசைச்சு அசைச்சுப் பழகி வெச்சிருக்கேன். கோகிலா வந்தப்ப அவகிட்டக் காட்டலாம்னு வாயைத் தொறந்தேன். அவ மொகத்தைப் பார்த்ததும் பயமாயிருச்சு. எதுக்குப் பயம்னு எனக்குத் தெரியலைங்க. மூடிக்கிட்டேன்.

பாருங்க. மொதல்ல உதடு இப்படிக் குவியுது. அப்புறம் விரியுது. மறுபடி குவியுது. அப்புறம் கீழ் உதடு பல்லைத் தொடுது, பாருங்க, இப்படி. கடைசியில வாயி தொறந்தே நிக்குது.

தெரிஞ்சுதுங்களா? இன்னொருக்காக் காட்டறேன்.

தண்ணிதானுங்களே? தண்ணிக்கு உதடு குவியாதா? பல்லைத் தொடாதா? அப்ப என்னங்க? சொல்லுங்க அம்மிணி, எதா இருந்தாலும் சொல்லுங்க.

"தொறந்து விடுங்க"வா?

நல்லாப் பார்த்தீங்களா? தொறந்து விடுங்கன்னா சொன்னா?

ஜன்னல் தொறந்துதாங்க இருந்துச்சு. காத்து நல்லா வந்துச்சு. கதவும் தொறந்துதான் கெடந்துச்சு, அக்கம்பக்கத்துச் சனம் வந்து போயிட்டு இருந்தாங்க. எல்லாம் தொறந்துதான் இருந்துச்சு, அம்மிணி.

வேற எதைங்க தொறக்கச் சொல்லியிருப்பா?